பிறப்பைத் தேடிப்போய்ப் பதியுங்கள்

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் யாரிடமாவது பிறப்புச் சான்றிதழ் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். "அதில் என்ன இருக்கிறது? ஆஸ்பத்திரியிலேயே எழுதி அனுப்பிவிடுகிறார்கள். மாநகராட்சி வலைத்தளத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ள வேண்டியதுதானே" என்பார்கள். பேச்சு நீண்டால் அடுத்ததும் வரும்: "இத்தனை வசதி இருந்தும் ஒருத்தர் பதியாமல் விட்டால் அது அவருடைய அலட்சியம். சட்டம் கறாராக இருந்தால்தான் ஜனங்களுக்குப் புத்தி வரும்."

இப்படிச் சொல்பவர்கள் படித்தவர்கள், சட்டத்தை மதிப்பவர்கள், அடுத்தவர் கெட வேண்டும் என்று நினைக்காதவர்கள். அதனால்தான் இந்தக் கருத்துக்கு இவ்வளவு செல்வாக்கு, அதனால்தான் இதை மறுத்தாக வேண்டியிருக்கிறது. முதலில் சொல்வது பாதி உண்மை. அடுத்துச் சொல்வது சட்டப்படியும் தவறு, நியாயப்படியும் தவறு.

உண்மையான பாதியை ஒப்புக்கொண்டே தொடங்குகிறேன். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், மருத்துவமனையில் குழந்தை பிறந்தால் அதைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் பொறுப்பை அந்த மருத்துவமனையின் பொறுப்பு மருத்துவரிடம் ஒப்படைத்திருக்கிறது. 21 நாள் கெடு. தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு. இந்தியா முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பிறப்பு பதியப்பட்டவர்கள் 89 சதவீதம் என்று சொன்ன அதே ஆய்வில் தமிழ்நாடு அதைவிட வெகுதூரம் முன்னே நிற்கிறது. இது பெருமைக்குரிய சாதனை. செவிலியர்களும் சுகாதார ஆய்வாளர்களும் தலைமுறை தலைமுறையாக உழைத்துச் சேர்த்த சாதனை.

ஆனால் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு எட்டு, ஒன்பது லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. நூற்றில் ஒன்று விடுபட்டாலும் எட்டாயிரம், ஒன்பதாயிரம் பிள்ளைகள். அவர்கள் யாருடைய பிள்ளைகள் என்று கேட்டால்தான் மீதிப் பாதி தெரியும்.

பிரசவ வார்டில் நடப்பதைச் சற்று கிட்டப்போய்ப் பார்ப்போம். டிஸ்சார்ஜுக்கு முன் ஊழியர் ஒருவர் படிவத்தோடு வருவார். பிறந்த தேதி, ஆணா பெண்ணா, தாய் தந்தை பெயர், ஆதார் எண், முகவரி. அதற்குக் கீழே புள்ளிவிவரப் பகுதி: தாயின் படிப்பு, தகப்பனின் தொழில், கல்யாணத்தின்போது தாய்க்கு என்ன வயது, இது எத்தனையாவது குழந்தை, பிறந்தபோது எடை எவ்வளவு. வசதியான குடும்பமாக இருந்தால் தாத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தகப்பன் பெயரின் ஆங்கில எழுத்து பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே இருக்கிறதா என்று இரண்டு தடவை சரிபார்ப்பார். பெயர் இன்னும் வைக்கவில்லை என்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம் என்பதையும் அவர் தெரிந்து வைத்திருப்பார்.

அதே படிவம் பொது வார்டில் எப்படி நிரம்புகிறது? எழுதப் படிக்கத் தெரியாத தாய் வாயால் சொல்கிறாள், ஊழியர் காதில் விழுந்ததை எழுதுகிறார். கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த பெண் என்றால் அவள் பேச்சு இவருக்குப் புரியாது, இவர் கேள்வி அவளுக்குப் புரியாது. ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் அட்டையில் ஒரு பெயர், வாயில் வரும் பெயர் வேறொன்று. அன்று விழுந்த ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த அதே சட்டத்தின் 15ஆம் பிரிவின்கீழ் மனு, ஆதாரம், நடை என்று அலைய வேண்டும். பிழை செய்தவர் எழுதியவர். அலைகிறவள் பெற்றவள்.

பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுவதிலும் இதே கதைதான். ஓராண்டு தாண்டினால் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு பெயர் சேர்க்கலாம் என்பது விதி. விதி தெரிந்தவர் சேர்த்துவிடுவார். தெரியாதவரின் பிள்ளைக்குப் பெயரில்லாத சான்றிதழ்தான் மிஞ்சும். 15 ஆண்டு கடந்தவர்களுக்காகத் தமிழக அரசு காலக்கெடுவைத் திரும்பத் திரும்ப நீட்டி, 2024 டிசம்பர் 31 வரை கொண்டுவந்தது. அலட்சியக்காரர்கள் ஒன்றிரண்டு பேர்தான் என்றால் எதற்காக அத்தனை நீட்டிப்பு? பெருங்கூட்டம் தவறுகிறது என்றால் குறை ஏற்பாட்டில்தான் இருக்கிறது.

அடுத்து இடத்தின் பிரச்சினை. பிறப்பைப் பதிவது குடியிருக்கும் ஊரில் இல்லை, பிறந்த ஊரில். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். தி.நகரில் வாழும் தம்பதியின் குழந்தை கும்பகோணத்தில் பிறந்தால் பதிவு கும்பகோணத்தில். காரும் போனும் உள்ள வீட்டுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் தலைமுறைகளாக வாழ்ந்து, குடிசை அகற்றத்தில் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்களுக்கோ இது பெரிய பொருட்டு. 2022இல் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகர்க் குடியிருப்புகள் இடிக்கப்பட்டதை ஊரே பார்த்தது. அப்படிப் போன ஒரு பெண் இன்றும் வீட்டு வேலைக்கு மயிலாப்பூருக்குத்தான் வருகிறாள். விடிகாலையில் பஸ் ஏறினால்தான் ஏழு மணிக்கு முதல் வீட்டில் பாத்திரம் தேய்க்க முடியும். மூன்று வீடு முடித்துத் திரும்பும்போது அலுவலகம் மூடும் நேரம். சான்றிதழுக்காக ஒரு நாள் லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள், இரண்டு நாள் போட்டால் வேறு ஆள் பார்த்துவிடுவார்கள். இவளை அலட்சியக்காரி என்று சொல்ல எந்த நாக்கு துணியும்? அவளுக்கு லீவு கொடுக்காத வீட்டிலிருந்தே அந்தச் சொல் வருகிறது என்பதுதான் வேதனை.

நியாயத்தைப் பார்த்தோம், சட்டத்தையும் பார்ப்போம். "பதிவது பெற்றோரின் வேலை" என்பவர்கள் 1969 சட்டத்தின் 7ஆம் பிரிவைப் படிக்க வேண்டும். பதிவாளர் கட்டணமோ வெகுமதியோ வாங்காமல் பதிய வேண்டும் என்பதோடு அது நிற்கவில்லை. தம் எல்லைக்குள் நிகழும் ஒவ்வொரு பிறப்பையும் தாமே கவனமாக அறிந்துகொள்ள நடவடிக்கை எடுக்க வேண்டும், விவரங்களைத் தெரிந்து பதிய வேண்டும் என்றும் அது கட்டளையிடுகிறது. அதாவது பதிவாளர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு முத்திரை குத்துபவர் இல்லை. தேடிப்போக வேண்டியவர். அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்த வரி சட்டத்தில் இருக்கிறது.

உச்ச நீதிமன்றமும் இதையே சொல்லியிருக்கிறது. 2015 ஜூலையில், திருமணமாகாத ஒரு தாயின் வழக்கில், நீதிபதிகள் விக்ரமஜித் சென், அபய் மனோகர் சப்ரே அமர்வு தீர்ப்பளித்தது. தனித்து வாழும் தாயோ திருமணமாகாத தாயோ தன் வயிற்றில் பிறந்த குழந்தைக்குச் சான்று கேட்டால், ஒரு பிரமாணப் பத்திரம் போதும், சான்று கொடுத்தே ஆக வேண்டும் என்றது. அதே தீர்ப்பில், பெற்றோர் பதியத் தவறினார்கள், அலட்சியமாக இருந்தார்கள் என்பதற்காக எந்தக் குடிமகனும் துன்பப்படக் கூடாது, அதைப் பார்த்துக்கொள்வது அரசின் பொறுப்பு, ஒவ்வொரு பிறப்பையும் பதிய எல்லா நடவடிக்கையும் எடுப்பது அரசின் கடமை என்று நீதிபதிகள் அழுத்திச் சொன்னார்கள். பெற்றோர் உண்மையாகவே அலட்சியமாக இருந்தாலும்கூட, அதற்குப் பிள்ளை பொறுப்பாகாது என்பதுதான் இதன் பொருள். "அலட்சியம்" என்ற குற்றச்சாட்டு அந்த இடத்திலேயே செத்துவிட்டது.

1992இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 7ஆம் உறுப்பும், குழந்தை பிறந்த உடனே பதியப்பட வேண்டும், பெயர் பெறும் உரிமை அதற்கு உண்டு என்கிறது. உரிமை குழந்தையுடையது. கடமை அரசுடையது. இடையில் பெற்றவளைக் கொண்டுவந்து கூண்டில் நிறுத்துவது நாமாகச் சேர்த்துக்கொண்டது.

"எல்லார் வீட்டுக்கும் போய் அரசு எப்படித் தேட முடியும்?" என்று கேட்பார்கள். தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. இங்கே கரு உண்டானதும் பெண்ணின் விவரத்தைச் சுகாதாரத் துறை பதிவேற்றுகிறது. 12 இலக்க ஆர்.சி.எச். எண் தருகிறது. தடுப்பூசி, இரும்புச்சத்து மாத்திரை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் அந்த எண்ணில் ஏறுகின்றன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் நடக்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டமும் அந்த எண்ணை வைத்தே நடக்கிறது. செவிலியர் வீட்டுக்குப் போகிறார், பிரசவ நாளைக் கணக்கிட்டு நினைவூட்டுகிறார். இத்தனை மாதம் தாயின் பின்னாலேயே வந்த அரசுக்கு, குழந்தை எங்கே பிறந்தது, எப்போது பிறந்தது என்று தெரியாதா? தெரியும். தெரிந்தும், "சான்று வேண்டுமானால் நீ வா" என்கிறது.

வேடிக்கை பார்க்க முடியாத இன்னொன்றும் இங்கே நடக்கிறது. பிறப்பைப் பதிய அந்த ஆர்.சி.எச். எண்ணையே கேட்கிறார்கள். கர்ப்பிணிகள் விடுபடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வந்த ஏற்பாடு அது. ஆனால் ஏழாம் மாதம் வேறு மாநிலத்திலிருந்து வந்து இறங்கிய பெண்ணிடமோ, ஊருக்குத் தெரியக் கூடாதென்று கர்ப்பத்தை மறைத்த பெண்ணிடமோ அந்த எண் இருக்காது. தாயைக் காக்க வந்த எண், அவள் பிள்ளையின் பதிவுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. எண் இல்லை என்றால், இவ்வளவு நாள் இவளைக் கண்டுபிடிக்காமல் விட்டோம் என்பதுதான் அர்த்தம். அந்தக் குறைக்குப் பதில் சொல்ல வேண்டியது துறை.

இனி "கறார்" என்ற வாதத்துக்கு வருகிறேன். 2023இல் நாடாளுமன்றம் இந்தச் சட்டத்தைத் திருத்தியது. அந்த ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அன்றும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்கு, பிறந்த தேதியையும் இடத்தையும் நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழே ஆவணம். பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை, பாஸ்போர்ட், ஆதார் எல்லாவற்றுக்கும் அதுதான். 2025இல் பாஸ்போர்ட் விதிகளும் இதற்கேற்ப மாறிவிட்டன. பல சான்று, பல தேதி என்ற குழப்பம் தீரும் என்று நம் பகுதியில் பலர் இதை வரவேற்றார்கள்.

குழப்பம் தீர வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடில்லை. வலது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்லி, தொட்டால் ஒன்றாம் வகுப்பில் சேர்த்து, ஜூன் மாதத்தில் ஒரு தேதியைத் தலைமையாசிரியர் போட்டுக்கொடுத்த காலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. தேதி இல்லாததால் அதிகம் கெட்டவர்கள் பெண்பிள்ளைகள். சென்னைச் சட்டமன்றத்தில் பெண்ணின் திருமண வயதை உயர்த்த முத்துலட்சுமி ரெட்டி போராடினார். 1929இல் சாரதா சட்டம் வந்து பெண்ணுக்கு 14 என்று வரம்பு வைத்தது. ஆனால் பிறந்த தேதிக்கு எழுத்தில் ஆதாரம் இல்லாத வீட்டில், "இவளுக்குப் பதினைந்து முடிந்துவிட்டது" என்று தகப்பன் சொன்னால் அந்தச் சட்டம் என்ன செய்ய முடியும்? வயது வரம்பு வைக்கும் ஒவ்வொரு சட்டமும் பிறப்புப் பதிவின் மேல்தான் நிற்கிறது. பதிவின் அருமை தெரிந்துதான் பேசுகிறேன்.

என் எதிர்ப்பு அந்தத் தாளை ஒற்றைக் கதவாக்கி, சாவியைக் குழந்தையிடம் கேட்பதற்கு. 2009இன் கல்வி உரிமைச் சட்டம், வயதுச் சான்று இல்லை என்ற காரணத்துக்காக எந்தக் குழந்தைக்கும் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது என்று 14ஆம் பிரிவில் சொல்கிறது. 2023 திருத்தமோ, வேறு எந்தச் சட்டத்தில் என்ன இருந்தாலும் பிறப்புச் சான்றிதழே ஆவணம் என்கிறது. இரண்டும் ஒரே பள்ளி வாசலில் மோதும்போது தலைமையாசிரியர் எதைப் பின்பற்றுவார்? பயந்தவர் பிள்ளையைத் திருப்பி அனுப்புவார். 2023 அக்டோபரில் பிறந்த குழந்தைகள் 2029 ஜூனில் ஒன்றாம் வகுப்புக்கு வருவார்கள், எல்.கே.ஜி.க்கு அதற்கு முன்பே. இந்த மோதலின் முழுச் சூட்டையும் நாம் இன்னும் பார்க்கவில்லை. அதனால்தான் சிக்கலே இல்லை என்று நமக்குத் தோன்றுகிறது.

கெடு தவறியவர்களுக்கு வழி இல்லையா என்றால், ஏட்டில் இருக்கிறது. முப்பது நாள் வரை தாமதக் கட்டணம், ஓராண்டு வரை மேல் அதிகாரியின் எழுத்து அனுமதி, ஓராண்டு தாண்டினால் ஆட்சியர் அல்லது கோட்டாட்சியர் நிலையில் உத்தரவு. பதிவேட்டில் இல்லை என்ற சான்றில் தொடங்கி, ஆஸ்பத்திரிக் காகிதம், விசாரணை, கையொப்பம் என்று அந்த வழி நீள்கிறது. படித்தவர் ஒருவர் கூட வந்தால் முடியும். கூட வர ஆளில்லாதவர் பாதியில் விட்டுவிடுவார். தகவல் தராத மருத்துவமனைக்குச் சட்டம் விதிக்கும் அபராதம் ஆயிரம் ரூபாய் வரைதான். அந்தத் தவறால் பிள்ளைக்குப் போவது பள்ளி, பாஸ்போர்ட், அரசு வேலை. கறார் என்ற சொல்லுக்கு இதுதான் பொருளா?

பெற்றோரின் காகிதத்தை வைத்துப் பிள்ளையின் கதியைத் தீர்மானித்தால் என்ன ஆகும் என்று தமிழருக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டாம். 1948இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், அந்த நாட்டிலேயே பிறந்தவரிடமும், தகப்பன் இலங்கையில் பிறந்தவர் என்றோ, பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ நிரூபிக்கச் சொன்னது. தேயிலைத் தோட்ட லயன் குடியிருப்புகளில் பிறந்த கூலிகளின் பிறப்பை யார் எழுதி வைத்தார்கள்? அந்த மண்ணில் தலைமுறைகளாக உழைத்த லட்சக்கணக்கான மலையகத் தமிழர்கள் ஒரு சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு போட்டது. தோட்டத்து அதிகாரிகள் எழுதாமல் விட்ட வரிக்கு, தோட்டத்தில் பிறந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக விலை கொடுத்தார்கள்.

எழுதி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடமே சாட்சி உண்டு. மண்டபம் அகதி முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டபோது, 1987 ஜூலைக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகள் என்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. அவர் கையில் பிறப்புச் சான்று இருந்தது. அகதியின் குழந்தை என்று பாராமல் 1986இல் யாரோ ஓர் அலுவலர் தம் வேலையைச் செய்திருக்கிறார். அந்த ஒரு வரியால் ஒரு பெண்ணுக்கு நாடு கிடைத்தது. "கண்டவருக்கும் சான்று கொடுத்தால் நாளைக்கு என்ன ஆகும்?" என்று அஞ்சுபவர்களுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. இந்தக் குழந்தை இந்த நாளில் இந்த இடத்தில் பிறந்தது என்பதைத்தான் சான்றிதழ் சொல்கிறது. குடியுரிமையைத் தனிச் சட்டம் தீர்மானிக்கிறது. நடந்த பிறப்பைப் பதிய மறுப்பது உண்மையை மறைப்பது.

அரசால் தேடிப்போக முடியும் என்பதற்கும் நம் கண்முன்னே உதாரணம் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரைக் குடிசைகள் மூழ்கி, ரேஷன் அட்டையிலிருந்து பட்டா வரை எல்லாம் போனபோது, அரசு சிறப்பு முகாம் நடத்திக் கட்டணமில்லாமல் நகல் கொடுத்தது. ஏன் பத்திரமாக வைத்துக்கொள்ளவில்லை என்று அன்று யாரும் அந்த மக்களைக் கேட்கவில்லை. வெள்ளம் வராத நாளிலும் அதே மனம் வேண்டும்.

செய்ய வேண்டியது கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. பதிவு முடிந்து ஏழு நாளுக்குள் சான்று இலவசமாகத் தர வேண்டும் என்று 2023 திருத்தமே சொல்கிறது. அந்தச் சான்று வார்டில் தாயின் கையிலோ, தடுப்பூசிக்கு வரும் முதல் நாளில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கொடுக்கப்பட வேண்டும். கையெழுத்திடும் முன் படிவத்தைத் தாய்க்குப் புரியும் மொழியில் படித்துக் காட்ட வேண்டும். ஆர்.சி.எச். எண் இல்லை, தகப்பன் பெயர் இல்லை, ஆதார் இல்லை என்று எந்தப் பதிவும் நிற்கக் கூடாது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை முகாம் போட்டு, விடுபட்ட பதிவு, பெயர் சேர்ப்பு, பிழைத் திருத்தம் மூன்றையும் அங்கேயே முடிக்க வேண்டும். கோட்டாட்சியரின் விசாரணையும் அந்த முகாமுக்கே வர வேண்டும். பிறப்புச் சான்று இல்லாத பிள்ளையையும் பள்ளி சேர்த்துக்கொள்ள வேண்டும், சேர்த்தபின் அந்தப் பள்ளியே பதிவாளருக்கு எழுதிச் சான்று வாங்கித்தர வேண்டும் என்று கல்வித் துறை 2029க்குக் காத்திராமல் இப்போதே ஆணையிட வேண்டும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய சட்டம் வேண்டாம். 7ஆம் பிரிவைச் சொன்னபடி நடத்தினால் போதும்.

நம் பகுதி வாசகர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. உங்கள் வீட்டில் வேலை செய்பவரின் பிள்ளைக்குப் பெயரோடு கூடிய சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் சம்பளம் பிடிக்காமல் லீவு கொடுங்கள், மனுவை எழுதிக்கொடுங்கள். உங்கள் கட்டடத்தில் வேலை செய்யும் குடும்பத்தில் குழந்தை பிறந்தால் வார்டு அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். மாமன்ற உறுப்பினரிடம் தெருவிளக்கு, குப்பை, மழைநீர் வடிகால் பற்றிக் கேட்கும்போது, இந்த வார்டில் பதியாத பிறப்பு எத்தனை, அதைத் தேட மாநகராட்சி என்ன செய்தது என்றும் கேளுங்கள். அதைக் கேட்டபின், அலட்சியம் யாருடையது என்று பேசலாம்.